நடுவில் கிடந்த எட்டடி மண்

என் கூடப்பிறந்த ராத்தாவின் கணவரை நான் மண்வெட்டியால் வெட்டினேன். அவருடைய இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை. போன மாதம் எங்கள் பகுதிப் பெண்கள் கூட்டம் ஒன்றில் வீட்டுத் தோட்டத்தால் குடும்பத்துக்கு என்ன நன்மை என்று என்னைப் பேசச் சொன்னார்கள். கீரையைப் பற்றிப் பேசினேன், பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன், எல்லாரும் கை தட்டினார்கள். இந்த விசயத்தை மட்டும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அபாயாவைக் கழற்றும்போது பொய் சொல்லிவிட்டு வந்தவள் போல இருந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

கல்முனையில் கடற்கரைப் பக்கம் இருக்கிற வீடுகளுக்குச் சுற்றிவர வளவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு குசினியில் மீன் பொரித்தால் மூன்று வீட்டுக்கு மணக்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். என் உம்மா தன்னுடைய வளவில் ராத்தாவுக்கு ஒரு வீடும் எனக்கு ஒரு வீடும் கட்டித் தந்தா. இரண்டுக்கும் நடுவில் எட்டடி அகலத்துக்கு வெறும் மண்ணை விட்டா. "அது ரெண்டு பேருக்கும் பொது. காத்து வரட்டும்" என்று சொன்னா. காணி உறுதியிலும் அது அளவு போடாமல் மொட்டையாகத்தான் எழுதப்பட்டது. உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு இரண்டு குசினித் தண்ணீரும் அந்த மண்ணில்தான் ஓடியது. உடைந்த கதிரையும் துருப்பிடித்த தகரமும் அங்கே கிடந்தன. அந்த இடம் யாருக்கும் தேவைப்படவில்லை.

பெட்ரோலுக்கும் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற காலம் வந்தது. என் கணவர் மேசன். சீமெந்து இல்லாமல் வேலைகள் எல்லாம் நின்றுபோக, மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். வேலை செய்து பழகிய கை சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதை அப்போதுதான் கண்டேன். ஒரு நாள் கறி இல்லாத சோற்றுக் கோப்பையைச் சுவரில் வீசி அடித்தார். இன்னொரு நாள் கதவை உதைத்தார், பலகை பிளந்தது. மூத்த மகள் முட்டை கேட்டதற்கு அவளை அடிக்கக் கை ஓங்கினார். நான் குறுக்கே போனேன், அடி என் கன்னத்தில் விழுந்தது. கலியாணம் முடித்துப் பதினைந்து வருசத்தில் அதுதான் முதல் அடி. அடித்துவிட்டுக் கிணற்றடியில் போய்க் குந்தியிருந்து அழுதார். அதைப் பார்த்தது அடியை விடப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் விவசாயப் போதனாசிரியை ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து விதைப் பைக்கற் கொடுத்தார். வெண்டி, கத்தரி, பயித்தை, உறைப்புக்குக் கொச்சிக்காய். "தோட்டம் செஞ்சா மனசும் அமைதியாகும்" என்றார். நான் வாங்கி வந்து குசினி யன்னலில் வைத்தேன். மூன்று நாள் அப்படியே கிடந்தது. நாலாம் நாள் இவர், என் கணவர், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த எட்டடிக்குள் இறங்கினார்.

அவர் கொத்திய விதம் தோட்டக்காரன் கொத்துகிற விதம் இல்லை. யாரையோ அடிப்பது போல இருந்தது. கல்லும் ஓட்டுத் துண்டும் பறந்தன. முழங்கால் ஆழம் தோண்டியதும், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நேரம் புதைந்த சாமான்கள் வந்தன. நெளிந்த அலுமினியச் சட்டி, தரை ஓடு, ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. செருப்பைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"ஆர்ர புள்ளைர செருப்போ" என்றார். பிறகு அதை மூலையில் ஆழமாகப் புதைத்துவிட்டு மறுபடியும் கொத்தினார். அன்றைக்குச் சோறு தின்றதும் தூங்கினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சத்தம் போடாமல் தூங்கினார்.

கடற்கரை மண்ணில் ஒன்றும் சும்மா வராது. இவர் சைக்கிளில் போய் உரப்பையில் வயல் மண் கொண்டுவந்தார். காரைதீவில் மாடு வளர்க்கிற ஒருவரிடம் கேட்டு மாட்டெரு கொண்டுவந்தார். நான் மீன் செதிலையும் குடலையும் குழியில் புதைத்தேன். ராத்தா தன்னுடைய குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்ல வேலைதான் தங்கச்சி, எனக்கும் ரெண்டு கொச்சிக்காக் கண்டு வையி" என்று சொன்னா. வைத்தேன். அப்போது மச்சானும், ராத்தாவின் கணவரை நாங்கள் மச்சான் என்றுதான் சொல்வோம், கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தார். சந்தையில் பாத்திரக் கடை வைத்திருக்கிற அமைதியான மனிதர். என் இளைய மகளுக்கு ஒரு முறை காய்ச்சலில் வலிப்பு வந்தபோது அவளைத் தூக்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான்.

முதல் வெண்டிக்காய் காய்த்த நாளை நான் மறக்க மாட்டேன். மூத்தவள் பறித்து, கழுவாமல் அப்படியே கடித்தாள். "உம்மா, இது இனிக்கிது" என்றாள். இளையவள் மரக்கறி என்றாலே கோப்பையைத் தள்ளுகிறவள். அவள் தான் தண்ணீர் ஊற்றிய கத்தரியில் காய்த்தது என்று சொல்லி நாலு துண்டு தின்றாள். அஸருக்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் அந்த எட்டடிக்குள் நிற்போம். இவர் பந்தல் கட்டுவார், பிள்ளைகள் வாளியில் தண்ணீர் சுமப்பார்கள். நான் இலைக்கு அடியில் புழு தேடுவேன். பொழுதுபடக் கீரை ஆய்ந்து, மஃரிப் தொழுது, சுடச் சுடச் சோறு. சுவரில் கோப்பை விழவில்லை. கதவைப் புதிதாக அடித்துப் பூட்டுப் போட்டார். அயலுக்கு ஒரு பிடி பயித்தங்காய் கொடுக்கும்போது அவருடைய முகத்தில் சம்பளம் வாங்கிய நாளின் களை இருந்தது.

தோட்டம் சாந்தமான வேலை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் அங்கே கொல்லப் பழகினேன் என்பதும் உண்மை. முதலில் புழுவைக் குச்சியால் எடுத்து எறிவேன். ஒரு மாதத்தில் விரலால் நசுக்கினேன், பச்சைத் தண்ணீர் நகத்துக்குள் போகும். நத்தைகளை வாளியில் சேர்த்து உப்புக் கொட்டினேன், நுரை தள்ளும், பார்த்துக்கொண்டு நிற்பேன். கத்தரிப் பாத்தியைக் கிண்டிய ராத்தாவின் கோழிக்கு இவர் ஓட்டுத் துண்டால் எறிந்தார். கால் முறிந்த கோழியை ராத்தா தூக்கிக்கொண்டு போனா. பகல் சாப்பாட்டுக்கு அதை அறுத்துக் கறி ஆக்கி எங்களுக்கும் ஒரு கோப்பை அனுப்பினா. நாங்கள் தின்றோம். அது கோபத்தில் அனுப்பிய கறி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த வருசம் ராத்தாவின் மகளுக்கு மாப்பிள்ளை சரி வந்தது. நல்ல இடம். ஆனால் வீடு வேண்டும். மச்சானிடம் வேறு காணி இல்லை. இருந்த வீட்டின் பக்கச் சுவரை இழுத்து ஒரு வீடாக்கினால் மகளுக்குக் கொடுக்கலாம், அதற்கு அந்த எட்டடி வேண்டும். அவர் முதலில் மரியாதையாகத்தான் வந்து கேட்டார்.

"தம்பி, புள்ளைக்கு ஊடு கட்டணும். அந்த எடத்த உட்டுத் தாங்க. மரக்கறி எங்கயும் நடலாம்."

இவர் பந்தலில் புடோலங்காய் நேராக வளரக் கல் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பியும் பார்க்கவில்லை. "எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கி மச்சான். அவங்களுக்கு நான் என்ன கடல்லயா ஊடு கட்டுற?"

"பாதியாச்சும் தாங்க."

"ஏலா."

மச்சான் கேட்டு வருவார் என்று தெரிந்து, முடியாது என்கிற அந்த ஏலாவை நான்தான் அவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். அதை எழுதாமல் விட்டால் நான் எழுதுகிறது மறுபடியும் பொய்யாகிவிடும். தோட்டம் போனால் என் கணவர் மறுபடி பழைய மாதிரி ஆகிவிடுவார் என்று பயந்தேன். அந்தப் பயத்தை ராத்தாவிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். என்னை இவர் அடித்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, சொல்லவில்லை.

பிறகு நடந்தது ஒவ்வொன்றாக வந்தது. மச்சான் எல்லை பிடிக்கக் கட்டைக் குத்திகள் அடித்துக் கயிறு கட்டினார். இவர் குத்திகளைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார். ஒரு காலை எழும்பிப் பார்த்தால் கொச்சிக்காய்ப் பாத்தி முழுக்கக் கருகிக் கிடந்தது, மண்ணை நக்கிப் பார்த்தேன், உப்பு. யார் கொட்டியது என்று இன்றைக்கும் தெரியாது. நான் ராத்தாவின் வாசலில் நின்று, அவவின் சாப்பாட்டிலும் அல்லாஹ் இப்படி உப்பை அள்ளிக் கொட்டட்டும் என்று கத்தினேன். ராத்தா வெளியே வந்து என்னைக் கூப்பிட்ட சொல்லை எழுத மாட்டேன். ஒரே உம்மாவின் மடியில் பால் குடித்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து எங்களுக்குள் கதை பேச்சு இல்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மரம் முறிகிற சத்தம் கேட்டது. ஓடிப் போனேன். மச்சான் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கோடு தோட்டத்துக்குள் நின்றார். பந்தல் காலில் ஓங்கி அடித்தார், புடோல் கொடி முழுக்கச் சரிந்து விழுந்தது. கத்தரியைக் காலால் உதைத்துப் பிடுங்கினார். அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. அதுதான் பயமாக இருந்தது.

இவர் குளித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஈரச் சாரனோடு பாய்ந்து வந்து மச்சானின் கழுத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் பாத்திக்குள் விழுந்தார்கள். மச்சான் ஒருவாறு எழும்பி அலவாங்கை இரண்டு கையாலும் வீசினார். இவர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த தென்னை மட்டையை முறிக்கிற சத்தம். இவர் கத்தவில்லை, வாயைத் திறந்தபடி குந்தினார். மச்சான் அலவாங்கை மறுபடி தூக்கினார்.

மறுபடி அடிக்கத் தூக்கினாரா, எறிந்துவிட்டுப் போகத் தூக்கினாரா என்று பிறகு எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். பக்கவாட்டில் வீசினேன். தகட்டின் முனை அவருடைய காதிலும் தலையிலும் பட்டது. காது இரண்டாகக் கிழிந்து தொங்கியது. இரத்தம் கழுத்தால் இறங்கி வெள்ளைச் சட்டை தோளெல்லாம் சிவந்தது. ஜும்ஆவுக்குப் போட்ட சட்டை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "நீயா?" என்று கேட்டார். பிறகு விழுந்தார்.

விழுந்தவரை நான் மறுபடி அடிக்க ஓங்கினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். என் கை ஓங்கியது. அதற்குள் ராத்தா பின்னால் வந்து என் முடியைப் பிடித்து இழுத்து, கிணற்றுக் கட்டில் என் தலையை இடித்தா. ஒரு தரம், இரண்டு தரம். நான் அவவின் கையைக் கடித்தேன், தோல் பிய்ந்து வாய்க்குள் வந்தது. குசினி வாசலில் என் இரண்டு மகள்களும் நின்று பார்த்தார்கள். இளையவள் அழுதபடி நின்ற இடத்திலேயே உடுப்போடு சலம் போய்விட்டாள். அயலவர்கள் மதிலால் குதித்து வந்து பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்களையும் ஒரே அறையில்தான் முதலில் படுக்க வைத்தார்கள், நடுவில் ஒரு திரை மட்டும். வெளியே மர வாங்கில் நானும் ராத்தாவும் குந்தியிருந்தோம். அவவின் கையில் துணி சுற்றியிருந்தது, என் நெற்றியில் பஞ்சு. இரண்டு பேருடைய உடுப்பிலும் யாருடையது என்று தெரியாத இரத்தம். ஒரு தாதி வந்து, "நோயாளிக்குச் சொந்தக்காரர் ஆரு?" என்று கேட்டா. இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினோம்.

மச்சானுக்குப் பதினாறு தையல். இவருடைய கைக்குத் தகடு வைத்தார்கள். பொலிஸில் இரண்டு பக்கமும் முறைப்பாடு. நான் ஒரு பகல் முழுக்க பொலிஸ் நிலைய வாங்கில் இருந்தேன். வாக்குமூலம் எழுதியவர், "ஒரு பொம்புளைக்கு இவ்வளவு பலமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பலம் என்னிடம் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

வீட்டில் அடுத்த மாதங்கள் மோசமாகப் போயின. இவர் மாவுக்கட்டோடு இருந்தார். கோபப்படவில்லை, கத்தவில்லை, அது முறிந்த கையோடு போய்விட்டது போல. ஆனால் பிள்ளைகள் இப்போது என்னைக் கண்டு பயந்தார்கள். நான் கத்தியை எடுத்துப் பூசணி வெட்டினால் இளையவள் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் அவளுக்குத் தலை வாரும்போது சீப்புச் சிக்கியது. நான் கையை உயர்த்த, அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். வாப்பாவுக்குப் பயந்த பிள்ளைகளைக் காப்பாற்றக் குறுக்கே போனவள் நான்.

தோட்டம் அப்படியே கிடந்து காய்ந்தது. யாரும் உள்ளே போகவில்லை. விழுந்த பந்தலுக்குள் பாகல் மட்டும் தானாகப் படர்ந்து பழுத்து வெடித்தது.

பள்ளிவாசல் பெரியவர்கள் பேசினார்கள், பிறகு மத்தியஸ்த சபையில் கூப்பிட்டார்கள். மூன்று தரம் போனோம். மூன்றாம் தரம் சபையில் இருந்த ஒரு முதியவர் உறுதியை மேசையில் வைத்து, "உங்கட உம்மா அளக்காமப் போனது நம்பிக்கைல. நீங்க அளந்து போட்டுப் போங்க" என்றார். நாலடி அவர்களுக்கு, நாலடி எங்களுக்கு. நடுவில் மதில். இரண்டு பக்கமும் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவது. ராத்தா கையெழுத்து வைத்தா, நானும் வைத்தேன். பேனையை எனக்குத் தந்தபோது அவவின் கையில் என் பல்லின் தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

மதில் எழும்பியது. எங்கள் பக்கத்து நாலடியில் வெயில் அரைநாள்தான் விழும். இவருடைய கை சுகமாகி வேலைக்குப் போகத் தொடங்கினார், சீமெந்தும் வந்திருந்தது. நான்தான் மறுபடி மண்ணைத் தொட்டேன். பொழுது போகாமல்தான் தொட்டேன், ஆசையில் இல்லை. நிழலில் வருகிற வல்லாரையும் பொன்னாங்காணியும் நட்டேன். மதிலோரம் பயித்தை ஏற்றினேன். வாசல் பக்கம் பழைய வாளிகளில் கொச்சிக்காய். மூன்றாம் கிழமை இளையவள் வந்து கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"உம்மா, இதுல புழு இரிக்கி."

"எடுத்து எறி மகள்."

"நசுக்கவா?"

"வேணாம். எறி."

அவள் இலையோடு கிள்ளிக் கொண்டுபோய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தாள். பிறகு என் பக்கத்தில் குந்தினாள். அவளுடைய தோள் என் தோளில் பட்டது. நான் அசையாமல் இருந்தேன்.

ராத்தாவின் மகளுடைய கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. நான் யன்னலுக்குள் நின்று மணவாளன் வந்து இறங்குவதைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டியவள் நான். ஆனால் கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில் அவளே எங்கள் வாசலில் வந்து நின்றாள். "சாச்சி, எனக்கு ரெண்டு கொச்சிக்காக் கண்டு தருவீங்களா? ஊட்டுக்குப் பின்னால கொஞ்சம் மண் இரிக்கி" என்றாள். ஆறு கன்று பிடுங்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு மச்சான் வந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் வாசல் படலையைத் தாண்டியது அன்றைக்குத்தான். காதின் மேல் பாதி சுருங்கியிருந்தது. தொப்பியை அதற்கு மேல் இழுத்துப் போட்டிருந்தார்.

"அந்தக் கண்டெல்லாம் வாடுது. தண்ணி கூடிட்டா?" என்று பெரிய சத்தத்தில் கேட்டார். காது கேட்காதவர்கள் கதைக்கிற சத்தம்.

"மச்சான், என்ன மாப்புச் செய்யுங்க" என்றேன்.

அவர் வலது பக்கத்தைத் திருப்பி, "என்ன?" என்றார்.

மறுபடி சொன்னேன். கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அயலுக்கெல்லாம் கேட்டிருக்கும். இவர் உள்ளேயிருந்து வந்து வாசலில் நின்றார்.

மச்சான் நிலத்தைப் பார்த்தார். "நானும் அலவாங்கத் தூக்கித்தானே வந்தன். மாப்பு நானும்தான் கேக்கணும். கேக்குறன்." இவரைப் பார்த்து, "உன்ட கை எப்பிடி?" என்றார்.

"மழைக்கு உளையிது."

"எனக்கு மழை கேக்குதேயில்ல" என்றார் மச்சான். யாரும் சிரிக்கவில்லை. இவர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன்.

ராத்தா இன்னும் பழைய மாதிரி இல்லை. கதைக்கிறா, ஆனால் சொல்லை எண்ணிக் கதைக்கிறா. எங்கள் வீட்டுக்குள் வந்து இருக்க மாட்டா. வல்லாரை வேண்டுமென்றால் மகளை அனுப்புவா. நோன்பு காலத்தில் கஞ்சிக்கு முருங்கை இலை கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தரம் அவவே கூப்பிட்டா. நான் எட்டிக் கொடுத்தபோது கிண்ணத்தைத்தான் பிடித்தா, என் விரலில் படாமல்.

அந்தக் கூட்டத்தில் கேட்டவர்களுக்கு நான் சொன்னது பொய்யில்லை. என் பிள்ளைகள் இப்போது மரக்கறி தின்கிறார்கள். இவர் வேலையால் வந்ததும் முதலில் போய் நிற்கிறது அந்த நாலடியில்தான். நேற்று மூத்தவள் முதல் முறையாகத் தனியாகக் கீரை ஆய்ந்து கீரைச் சுண்டல் செய்தாள், துருவிய தேங்காய்ப்பூ கூடிவிட்டது, நாலு பேரும் தின்றோம். ராத்தா வீட்டுக்கும் ஒரு கோப்பை போட்டு மூடி அனுப்பினேன். கோப்பை கழுவித் திரும்பி வந்தது.